ஓடுதளம்

வெள்ளி இரவு,
ஸ்டுட்கார்ட் ரயில் நாற்பது நிமிடம் தாமதம்.
மகிழ்நன் இறங்கினான்.
ஓட்டக் காலணி இரண்டையும்
நாடாவில் முடிந்து கையில் தொங்கவிட்டு,
சந்தையில் மீன் வாங்கி வருகிறவன் போல.

எங்களுடையது சனி ஞாயிறு குடித்தனம்.
மற்ற ஐந்து நாளும்
அவன் சமைப்பதை நானும்
நான் சமைப்பதை அவனும்
போனில்தான் பார்த்துக்கொள்கிறோம்.
உப்புப் போதுமா என்று
கேட்கவும் கேட்கிறோம்.

*

டெம்பல்ஹோஃபில் விமானங்கள் நின்று பல வருஷம்.
தார்ப்பாதையும் வெள்ளைக் கோடுகளும்தான் மிச்சம்.
ஓடுதளம் என்று தமிழில் சும்மாவா சொன்னார்கள்,
இப்போதுதான் பேரைக் காப்பாற்றுகிறது, பார் என்றேன்.
அவனுக்குச் சிரிக்க மூச்சில்லை.
மூன்றாவது கிலோமீட்டர். எதிர்க்காற்று.
பட்டம் விடும் அப்பாக்கள்.
குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே
எங்களை முந்திப் போனாள் ஒரு செம்பட்டை முடிக்காரி.
புல்லுக்குள் வானம்பாடி கூடு கட்டியிருக்கிறதாம்,
கயிறு கட்டிப் பலகை நட்டிருந்தார்கள்.
பறவை கண்ணில் படவில்லை.
சத்தம் மட்டும் தலைக்கு நேர் மேலே,
யாரோ சில்லறையைக் குலுக்குவது போல.

ஐந்தாவதில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
விமானம் இறங்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.
பாதத்தை என் வயிற்றில் ஊன்றி
விரல்களை அழுத்தி மடக்கினேன்.
நேற்று வந்ததும் தூங்கிப்போனவன்.
இந்த வாரம் அவனை நான் ஒழுங்காகத் தொட்டது
ஒரு நாறும் காலுறையின் மேல்தான்.

பசி.
ஹெர்மன் தெருவில்
எள் ஒட்டிய வளைய ரொட்டி, ஆளுக்கு இரண்டு,
நடந்துகொண்டே.
பிறகு முறையாக உட்கார்ந்து
முட்டை, ஆலிவ், தேன் ஊற்றிய வெண்ணெய்,
இடுப்புச் சிறுத்த கண்ணாடியில் தேநீர், மூன்று சுற்று.
கல்லாவில் நுர்ஹான் கேட்டாள்: மாரத்தானா?
கூசாமல் ஆமாம் என்றான்.

*

நாடகம் ஜெர்மனில்.
மூன்றாவது வரிசை; மேடையில் நிஜ அடுப்பு.
ஒருத்தி லீக்ஸ் நறுக்கிக்கொண்டே
வீட்டை விற்பது பற்றித் தங்கையோடு மல்லுக்கு நிற்கிறாள்.
அவன் அலுவலகத்தில் ஆங்கிலம்தான்,
காதோரம் நான் தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்தேன்.
முன்னிருக்கைக் கிழவர் இரண்டு தடவை திரும்பினார்.
நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முணுமுணுத்தான்:
"வதங்கினது போதும், தண்ணி ஊத்தணும்."
மேடையில் அவள் ஊற்றினாள்.

அரங்கம் முழுக்க வாசனை.
யாரும் பேசாத ஓர் இடத்தில்
என் வயிறு மட்டும் பேசியது, நீளமாக.
கிழவரின் தோள் குலுங்கியது.

கடைசியில் அவள் இரண்டு தட்டில் பரிமாறினாள்.
ஒன்றின் முன் யாரும் வந்து உட்காரவில்லை.
விளக்கு மங்க மங்க
அந்தத் தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது.
என் கையைப் பிடித்திருந்தவன்
கைதட்டவும் விடவில்லை.

வெளியே வந்து, கதை என்ன என்றான்.
வீடு விற்பது, என்றேன்.
இல்லை, என்றான்.

பன்னிரண்டு மணிக்குச் சூப் எங்கே கிடைக்கும்?
கோட்புஸர் முனையில் கிடைக்கும்.
பருப்புச் சூப், எலுமிச்சை பிழிந்து,
மிளகாய்த்தூள் தூவி.
ஆறுவதற்குள் குடி, குடி என்று
என்னை அவசரப்படுத்தினான்.

*

ஞாயிறு ஓட்டம் இல்லை.
மாடிப்படியில் இருவரும் நண்டுபோலப்
பக்கவாட்டில் இறங்கினோம்.
பூங்காவில் தாய்லாந்துக்காரி உரலில் பப்பாளிக்காய் இடித்தாள்.
காரம் எவ்வளவு?
மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று
நிறையக் கேட்டு வாங்கினான்.
மூக்கு ஒழுகியது, கண் வழிந்தது,
ரயில் நான்கு மணிக்கு என்பதால்
அது எனக்கும் வசதியாக இருந்தது.

திரும்பி வந்தேன்.
நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
ஒவ்வொரு படிக்கும் தொடை ஒரு தடவை கூப்பிட்டது.
வாசலில் அவன் காலணிகள், முடிச்சு அவிழ்க்காமல்.
மறந்தானா, விட்டுப்போனானா, போனில் கேட்கவில்லை.

வலி புதன்வரை இருக்கும் என்கிறார்கள்.
இருக்கட்டும்.